எஞ்சின் ஊமையானால் முதலில் எதைப் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டில் ஓட்டும் மாதிரி ரயில்களைப் பற்றி வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தோம். தமிழில் இதைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. ஆனால் அதில் ஒரு வரி எங்களை உறுத்தியது. ஒலி எழுப்பும் எஞ்சினில் சத்தம் நின்றுபோனால் உள்ளே இருக்கும் டிகோடர் போர்டை (கண்ட்ரோலரின் கட்டளையை வாங்கி மோட்டார், விளக்கு, ஒலி மூன்றையும் இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) மாற்றிவிட வேண்டியதுதான் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. டிகோடர் கெட்டுப்போவது கடைசியாக நடப்பது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை பல உண்டு. அவற்றில் பாதிக்கு எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றவே வேண்டாம். ஒலி டிகோடர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பொருள், விலையும் அதிகம். அதைவிடப் பெரிய கவலை, அவசரப்பட்டுக் கூட்டைத் திறக்கும்போது கொக்கி உடைவதும் தலைமுடி போன்ற ஒயர் அறுவதும்தான். நன்றாக இருந்த எஞ்சின் அங்கேதான் உண்மையில் பழுதாகிறது. பெங்களூரில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் தமிழ்க் குடும்பங்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

எஞ்சின் ஓடுகிறதா, முன்விளக்கு எரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டும் சரியென்றால் தண்டவாளத்திலிருந்து டிகோடருக்கு மின்சாரம் போகிறது, டிகோடரும் உயிரோடு இருக்கிறது. அடுத்து கண்ட்ரோலரில் எஃப்8 பொத்தானை ஒருமுறை அழுத்திச் சில விநாடி காத்திருங்கள். லோக்சவுண்ட் டிகோடர்களில் பொதுவாக எஃப்8தான் எஞ்சின் ஒலியைத் தொடங்கும், நிறுத்தும். சவுண்ட்ட்ராக்ஸ் டிகோடர்களில் அதே பொத்தான் ஒலியை அடக்கும், மறுபடி விடும். ஐரோப்பிய மாடல்கள் சிலவற்றில் இந்த வேலையை எஃப்1 செய்கிறது. வீட்டில் குழந்தை கண்ட்ரோலரை எடுத்து விளையாடிவிட்டு வைத்திருந்தால், முக்கால்வாசி இங்கேயே கதை முடிந்துவிடும்.

அப்போதும் சத்தம் இல்லையென்றால் எஃப்2 அழுத்தி ஹாரனைக் கேளுங்கள், எஃப்1 எஞ்சின் ஒலிக்கான பொத்தானாக இல்லாத மாடல் என்றால் அதை அழுத்தி மணியைக் கேளுங்கள். ஹாரன் அடித்து எஞ்சின் ஒலி மட்டும் வரவில்லையா? ஸ்பீக்கரும் நல்லது, ஒயரும் நல்லது, டிகோடரில் உள்ள ஆம்பிளிஃபயரும் நல்லது. கோளாறு அமைப்பில்தான் இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். எதுவுமே ஒலிக்கவில்லை என்றால்தான் ஒலியளவு, ஸ்பீக்கர் என்று மேலே போக வேண்டும். இந்த ஒரு சோதனையைத் தவறவிட்டுத்தான் பலர் வீணாக அலைகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டீசல் எஞ்சின் மாடல்களில் ஒலி தொடங்கும்போது உண்மையான எஞ்சினைப் போலவே முதலில் ஸ்டார்ட்டர் சுற்றும், பிறகு பற்றிக்கொள்ளும், பிறகு ஐடிலில் நிற்கும். அது முடியும் வரை வேகத்தைக் கூட்டினாலும் எஞ்சின் நகராதபடி டிகோடரில் அமைத்திருப்பார்கள். அது பழுதில்லை. காத்திருந்தால் தானாகவே கிளம்பும்.

ஒலியளவைத் திருத்துவதற்கு முன் டிகோடர் யார் தயாரிப்பு என்று தெரிய வேண்டும், ஏனென்றால் ஆளுக்கொரு எண் வைத்திருக்கிறார்கள். டிகோடர் தன் அமைப்புகளை எண்ணிட்ட நினைவிடங்களில் வைத்திருக்கும், அவற்றுக்கு சி.வி. என்று பெயர். கண்ட்ரோலரில் சி.வி. 8-ஐப் படித்தால் தயாரிப்பாளர் எண் வரும். 151 என்றால் ஈ.எஸ்.யு. (லோக்சவுண்ட்), 141 என்றால் சவுண்ட்ட்ராக்ஸ், 145 என்றால் சிமோ, 113 என்றால் க்யூ.எஸ்.ஐ., 129 என்றால் டிஜிட்ராக்ஸ். மொத்த ஒலியளவு லோக்சவுண்டில் சி.வி. 63. நான்காம் தலைமுறையில் அது 0 முதல் 192 வரை போகும், அதற்கு முந்தைய 3.5-இல் 64 வரைதான். சவுண்ட்ட்ராக்ஸில் சி.வி. 128, 0 முதல் 255 வரை. சிமோவில் சி.வி. 266. இந்த எண் பூஜ்யமாகிக் கிடந்தால் எஞ்சின் ஊமைதான்.

படிக்கப் போனால் கண்ட்ரோலர் ‘டிகோடர் இல்லை’ என்று காட்டலாம். அதை நம்பி டிகோடருக்கு இறுதிச்சடங்கு செய்துவிடாதீர்கள். இந்த எண்களைப் படிக்கவும் எழுதவும் தனியே வைக்கும் புரோகிராமிங் டிராக்கில் ஓடும் மின்சாரம் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருக்கும். 250 மில்லி ஆம்பியரை ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் இழுத்தால் கண்ட்ரோலர் அதை ஓவர்லோடு என்று எடுத்துக்கொள்ளும். ஒலி டிகோடரில் உள்ள கெபாசிட்டர்கள் முதலில் நிரம்பும்போது அதற்கு மேல் இழுத்துவிடும். மின்சாரம் கணநேரம் அறுந்தாலும் டிகோடரைத் தாங்கும் கீப் அலைவ் கெபாசிட்டர் வைத்த எஞ்சின் என்றால் இன்னும் மோசம். அந்தக் கெபாசிட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டுப் படியுங்கள், அல்லது புரோகிராமிங் டிராக்குக்கென்றே விற்கும் பூஸ்டரை இடையில் வையுங்கள். இரண்டும் முடியாவிட்டால் வழக்கமாக ஓட்டும் மெயின் டிராக்கிலேயே எண்ணை எழுதலாம். பல கண்ட்ரோலர்களில் அப்படி எழுத மட்டும்தான் முடியும், படிக்க முடியாது. அதனால் தயாரிப்பாளர் யார் என்பதைப் பெட்டியில் உள்ள காகிதத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அமைப்புகள் எல்லாம் குழம்பிக் கிடந்தால் ரீசெட் உண்டு. ஈ.எஸ்.யு., சவுண்ட்ட்ராக்ஸ், சிமோ மூன்றிலும் சி.வி. 8-இல் 8 என்று எழுதி, தண்டவாள மின்சாரத்தை நிறுத்திப் போட வேண்டும். க்யூ.எஸ்.ஐ.-க்கு முறை வேறு, அதன் கையேட்டைப் பாருங்கள். ரீசெட் செய்ததும் எஞ்சினின் முகவரி, அதாவது கண்ட்ரோலரில் அதைக் கூப்பிடும் எண், 3 ஆகிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. நம் ரயில்வேயின் டபிள்யூ.டி.பி.-4, டபிள்யூ.டி.ஜி.-4 டீசல் எஞ்சின்களுக்கு ஐந்து இலக்க எண். பெரும்பாலான கண்ட்ரோலர்களில் முகவரி 9999-ஐத் தாண்டாது. ஆகவே நம்மவர்கள் கடைசி நான்கு இலக்கத்தை வைத்துக்கொள்வது வழக்கம். ரீசெட்டுக்குப் பிறகும் அந்த நான்கு இலக்கத்தையே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் எஞ்சின் ஏன் என்று கேட்காது. 3-ஐக் கூப்பிடுங்கள், வரும். ரீசெட்டுக்கு முன் பழைய எண்களை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஹாரன் அடிக்கிறது, எஞ்சின் ஒலியும் வருகிறது, ஆனால் எஞ்சின் நகரவில்லை என்றால் சி.வி. 19-ஐப் பாருங்கள். இரண்டு எஞ்சின்களைச் சேர்த்து ஓட்டிவிட்டுப் பிரிக்காமல் விட்டால் அதில் ஓர் எண் தங்கிவிடும். அப்போது வேகமும் திசையும் சேர்ப்பு முகவரிக்கு மட்டுமே கட்டுப்படும், பொத்தான்கள் மட்டும் சொந்த முகவரிக்கு வேலை செய்யும். அங்கே 0 எழுதினால் சரியாகிவிடும்.

வோல்ட்டை மட்டும் கூட்டிக் குறைக்கும் பழைய 12 வோல்ட் டி.சி. கண்ட்ரோலரில் ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒலி டிகோடர் விழித்துக்கொள்ளவே 5, 6 வோல்ட் வேண்டும், எஞ்சின் நகர்வது அதற்கும் மேலே. குமிழைச் சற்றுத் திருப்பிவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று நினைத்துவிடுவது எளிது. டி.சி.யில் முற்றிலும் அசைவில்லை என்றால் சி.வி. 29-இல் டி.சி. ஓட்டத்துக்கான அனுமதி நீக்கப்பட்டிருக்கலாம். சாதாரண முகவரிக்கு 6 இருக்க வேண்டிய இடத்தில் 2 இருக்கும், நான்கு இலக்க முகவரிக்கு 38 இருக்க வேண்டிய இடத்தில் 34 இருக்கும்.

அடுத்து, விட்டு விட்டு வரும் ஒலி. எஞ்சின் தங்குதடையின்றி ஓடிக்கொண்டிருக்கும், ஒலி மட்டும் அறுந்து, மறுபடி ஸ்டார்ட்டர் சத்தத்திலிருந்து தொடங்கும். கேட்பவர்கள் டிகோடரில்தான் கோளாறு என்று அடித்துச் சொல்வார்கள். காரணம் எளிமையானது. மோட்டார் அச்சில் பித்தளை ஃபிளைவீல் இருக்கிறது. மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலும் அதன் சுழற்சி எஞ்சினை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒலிக்கு அப்படி ஒரு ஃபிளைவீல் கிடையாது. அழுக்குத் தண்டவாளத்தை முதலில் காட்டிக்கொடுப்பது எப்போதும் ஒலிதான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் அறுந்தால் அந்த இடத்துத் தண்டவாள இணைப்போ தடம் பிரியும் பாயின்ட்டோ குற்றவாளி. கண்ட கண்ட இடத்தில் அறுந்தால் சக்கரம் அழுக்கு.

மெட்ரோ வேலையும் கட்டட வேலையும் நடக்கும் தெருக்களில் ஜன்னலைத் திறந்து வைத்தால் இரண்டே நாளில் தண்டவாளத்தின் மேல் விரல் வைத்துப் பார்க்கலாம், கறுப்பாக ஒட்டும். பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். சக்கரத்துக்கு, ஒரு டிஷ்யூத் தாளை நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, எஞ்சினின் ஒரு முனைச் சக்கரங்களை அதன் மேலும் மறுமுனைச் சக்கரங்களை வெறும் தண்டவாளத்திலும் வைத்து, கையால் பிடித்துக்கொண்டு மெல்ல ஓட விடுங்கள். தாளில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். தாளை நகர்த்தி நகர்த்தி, கோடு விழாத வரை செய்யுங்கள். பிறகு எஞ்சினைத் திருப்பிப் போட்டு மறுமுனை. உப்புத்தாள் வேண்டாம், அது உண்டாக்கும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகத் தங்கும். ஸ்டீல் கம்பளியைத் தொடவே தொடாதீர்கள். அதன் உதிரி இழைகளை ஸ்பீக்கர் காந்தமும் மோட்டார் காந்தமும் இழுத்துக்கொள்ளும். தண்டவாள மூட்டுகளை மட்டும் நம்பி மின்சாரத்தை அனுப்பாமல், ஒரு மீட்டருக்கு ஓரிடமாவது நேராக ஒயர் கொடுத்துச் சால்டர் வைப்பது நிலையான தீர்வு. கீப் அலைவ் கெபாசிட்டர் நல்ல பொருள்தான், ஆனால் அழுக்குக்கு அது மருந்தாகாது.

இத்தனைக்கும் பிறகும் ஹாரன்கூட வரவில்லை என்றால் கூட்டைத் திறக்கலாம். இனி ஸ்பீக்கர். நீராவி எஞ்சின் மாடல்களில் டிகோடரும் ஸ்பீக்கரும் பெரும்பாலும் டெண்டரில் (எஞ்சினின் பின்னால் வரும் கரி, தண்ணீர் வண்டி) இருக்கும். எஞ்சினுக்கும் டெண்டருக்கும் இடையே உள்ள சின்ன பிளக் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று திறப்பதற்கு முன்பே பாருங்கள். அரை மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் போதும், ஏதாவது ஒன்று நின்றுவிடும்.

திறந்ததும் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயர்களைக் கண்டுபிடியுங்கள். லோக்சவுண்டில் இரண்டும் பழுப்பு, சவுண்ட்ட்ராக்ஸில் இரண்டும் ஊதா. கூடு மூடும்போது இவற்றில் ஒன்று நசுங்கி, உறை கிழிந்து, உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஸ்பீக்கர் ஒயர் சட்டத்தைத் தொட்டால் ஆம்பிளிஃபயர் போய்விடும். டிகோடர் உண்மையாகவே சாகும் வழிகளில் இது முக்கியமானது. அந்த இடத்தில் மின்சாரம் கடத்தாத காப்டன் டேப் ஒட்டிவிடுவது நல்லது.

ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஸ்பீக்கரின் ஓம் அளவைப் பாருங்கள். கழற்றாமல் அளந்தால் ஆம்பிளிஃபயரையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 7-ஐ ஒட்டிக் காட்டும், அது சரியான அளவுதான். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே காயில் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் காயில் ஷார்ட். மீட்டர் இல்லாதவர்கள் 1.5 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளை ஒரு கணம் தொட்டு எடுக்கலாம், நல்ல ஸ்பீக்கர் ‘டக்’ என்று சொல்லும். தொட்டபடி வைத்திருக்கக் கூடாது.

மாற்று ஸ்பீக்கருக்கு பெங்களூரின் மின்னணுப் பொருள் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு போனால் போதும். மொபைல் போனுக்கான 15-க்கு 11 மில்லிமீட்டர் 8 ஓம் ஸ்பீக்கர் எச்.ஓ. அளவு (உண்மையில் 87-இல் ஒரு பங்கு) எஞ்சினுக்குள் அழகாக உட்காரும். வாங்குவதற்கு முன் டிகோடர் எத்தனை ஓம் கேட்கிறது என்று பாருங்கள். லோக்சவுண்ட் 3.5-க்கு 100 ஓம் ஸ்பீக்கர். அதில் 8 ஓம் மாட்டினால் சில நிமிடங்களிலேயே ஆம்பிளிஃபயர் எரிந்துபோகலாம். லோக்சவுண்ட் 4-க்கு 4 முதல் 8 ஓம், சவுண்ட்ட்ராக்ஸின் சுனாமி டிகோடருக்கு 8 ஓம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைத் தொடராக இணைத்தால் 16, பக்க இணைப்பில் 4. இரண்டு வைக்கும்போது பிளஸ், மைனஸ் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று தலைகீழானால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், ஒலி பாதியாகி மெலியும்.

புது ஸ்பீக்கர் மாட்டியும் கொசு ரீங்காரம் போலத்தான் வருகிறது என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டு அலையும் ஓரத்தில் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். அதிலும் தாழ்ந்த ஒலிதான் முதலில் போகும். ஒரு விசிட்டிங் கார்டில் ஸ்பீக்கர் முகத்தின் அளவுக்கு ஓட்டை வெட்டி, ஒலித்துக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரை அதன் பின்னால் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், ஒலி சட்டென்று பருத்து எழும். கார்டு இரண்டு அலைகளையும் பிரித்துவிட்டது, அவ்வளவுதான். எஞ்சினுக்குள் அந்த வேலையைச் செய்வது ஸ்பீக்கரின் பின்னால் ஒட்டும் சிறு பெட்டி. அதன் எந்த மூலையிலும் காற்று கசியக் கூடாது. ஒயர் வெளியேறும் துளையைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அடைக்கும்போது பசை ஸ்பீக்கர் தாளில் படக் கூடாது. வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம், அது செப்பு ஒயரை அரிக்கும்.

கரகரப்புக்கு வருவோம். மேல்கூட்டை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கரகரப்பு மறைந்தால் அது ஸ்பீக்கரில் இல்லை, கைப்பிடிக் கம்பியோ ஜன்னல் கண்ணாடியோ எடைக்கட்டியோ தளர்ந்து அதிர்கிறது. மறையாவிட்டால் ஸ்பீக்கர் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அந்த ஸ்டீல் கம்பளியின் இழையோ இரும்புத்தூளோ காந்தத்தின் இழுப்பில் தாளின் மேல் செங்குத்தாக நின்றுகொண்டிருக்கும். ஒட்டும் டேப்பின் நுனியால் தொட்டு எடுத்துவிடலாம். அந்த நேரத்தில் ஸ்க்ரூ டிரைவரை அருகில் கொண்டுபோகாதீர்கள், காந்தம் இழுத்துத் தாளைக் குத்திவிடும். ஒலியளவு கூடும்போது மட்டும் கரகரப்பு வந்தால் ஸ்பீக்கரால் தாங்க முடியவில்லை, உச்ச அளவில் அறுபது சதவீதத்துக்கு இறக்குங்கள்.

ஒலியளவைப் பற்றி எங்கள் கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எச்.ஓ. அளவு 87-இல் ஒரு பங்கு. மேசையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் நீங்கள் உண்மையில் 87 மீட்டருக்கு அப்பால் நிற்கிறீர்கள். கே.ஆர்.புரம் லோகோ ஷெட்டுக்கு அவ்வளவு தூரத்தில் நின்று கேட்டால் ஐடிலில் நிற்கும் எஞ்சின் எவ்வளவு கேட்குமோ அவ்வளவுதான் வீட்டிலும் கேட்க வேண்டும். டபிள்யூ.டி.எம்.-2-வின் பதினாறு சிலிண்டர் ஆல்கோ எஞ்சினின் அந்தத் தாழ்ந்த துடிப்பை 15 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் முழுதாகத் தர முடியாது. ஒலியளவைக் கூட்டினால் துடிப்பு வராது, கரகரப்புத்தான் வரும்.

நீராவி எஞ்சினில் ‘சுக்சுக்’ ஒலி சக்கரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று குறைப்படுவார்கள். டபிள்யூ.பி. போன்ற இரண்டு சிலிண்டர் எஞ்சினுக்குச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு ஒலி வர வேண்டும். சக்கரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து, மிக மெதுவாக ஓட்டி எண்ணுங்கள். லோக்சவுண்டில் சி.வி. 57, 58 இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி இதைச் சரிசெய்யலாம்.

ஒலி என்று நினைப்பது எல்லாம் ஸ்பீக்கரிலிருந்து வருவதில்லை. எஃப்8 போட்டு ஒலியை அடக்கிவிட்டு ஓட்டுங்கள். மிச்சமிருப்பது இயந்திரச் சத்தம். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு ‘டிக்’ என்றால் அச்சிலுள்ள பிளாஸ்டிக் பற்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது. டிகோடர் இல்லாத டி.சி. எஞ்சினை டி.சி.சி. (டிகோடர்களுக்குக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை) தண்டவாளத்தில் வைத்தால் நின்ற இடத்திலேயே ரீங்கரிக்கும். அது மோட்டார் சூடாகும் ஒலி, உடனே எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்து, நல்லதென்று சோதித்த ஸ்பீக்கரை மாட்டியும் சத்தமே இல்லை, மோட்டாரும் விளக்கும் மட்டும் வேலை செய்கின்றன, அல்லது போர்டில் கருகிய புள்ளியும் வாடையும் தெரிகின்றன என்றால், அப்போது டிகோடரை மாற்றுங்கள். வாங்குமுன் பிளக் 8 பின்னா, 21 பின்னா, பிளக்ஸ்22-ஆ என்று பாருங்கள். லோக்சவுண்ட் போன்ற டிகோடர்களில் அந்த எஞ்சினுக்குரிய ஒலிக்கோப்பை ஏற்றித் தரச்சொல்லி வாங்குங்கள். அதை ஏற்றத் தனிக் கருவி வேண்டும், பெரும்பாலான வீடுகளில் அது இருக்காது.

அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வரும்போது மேற்சொன்ன வரியைத் திருத்தி, எஃப்8, ஹாரன் சோதனை இரண்டையுமாவது சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாதிரி ரயில் ஆர்வலர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு